திரை உடைந்த போனை வெளியிலிருந்து இயக்குவது: மவுஸா, மானிட்டரா, கம்ப்யூட்டரா, புது டிஸ்ப்ளேவா?

போன் கீழே விழுந்து திரை போய்விட்டது. ஆனால் ரிங் வருகிறது, அலாரம் அடிக்கிறது, மெசேஜ் வந்தால் அதிர்கிறது. உள்ளே உயிர் இருக்கிறது, தொட்டால்தான் கேட்கவில்லை, அல்லது எதுவும் தெரியவில்லை. இந்த நிலையில் மாட்டிக்கொண்டவர்கள் கேட்பது எப்போதும் ஒரே கேள்விதான்: மவுஸ் செருகிப் பார்ப்பதா, டிவியில் போட்டுப் பார்ப்பதா, கம்ப்யூட்டரிலிருந்து இயக்கும் சாஃப்ட்வேர் ஏதாவது தேடுவதா, பேசாமல் டிஸ்ப்ளேவை மாற்றிவிடுவதா?

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எந்த வழி வேலை செய்யும் என்பது பெரும்பாலும் போன் விழுவதற்கு முன்பே முடிவாகிவிட்ட விஷயம். உங்கள் போனில் என்ன ஆன் செய்து வைத்திருந்தீர்கள், எந்தக் கம்ப்யூட்டரோடு இணைத்திருந்தீர்கள், அதன் போர்ட் எப்படிப்பட்டது, இந்த மூன்றும்தான் வழியைத் தீர்மானிக்கும். அது தெரியாமல் ஒவ்வொரு சாஃப்ட்வேராக இறக்கிப் பார்த்து இரண்டு நாளை வீணாக்கியவர்களைப் பார்த்திருக்கிறேன், அதனால்தான் இதை உட்கார்ந்து எழுதுகிறேன்.

எல்லாவற்றுக்கும் முன்: போனை அணைக்காதீர்கள்

இதைத் தனியாகச் சொல்லக் காரணம் இருக்கிறது. ரீஸ்டார்ட் ஆன போனும் ஏற்கெனவே ஒரு தடவை திறந்து பயன்பாட்டில் இருந்த போனும் ஒன்றல்ல. ரீஸ்டார்ட் ஆன பிறகு முதல் தடவை பின் நம்பரோ பேட்டர்னோ போடும் வரை உள்ளே இருக்கும் ஃபைல்கள் குறியாக்கப்பட்ட நிலையிலேயே கிடக்கும். கைரேகை, முகம் எதையும் அது ஏற்காது, பின் நம்பர்தான் கேட்கும். திரை போன போனில் அந்த நம்பரைப் போடுவதுதானே நம் பிரச்சினையே.

என் போன் மாடிப்படியில் விழுந்தபோது இதைக் கண்ணால் பார்த்தேன். படம் நன்றாகத் தெரிந்தது, வலது ஓரம் மட்டும் மேலிருந்து கீழ்வரை தொடுதல் செத்துவிட்டது. கைரேகை வைத்தால் திறந்தது, மெசேஜ் படித்தேன், போன் பேசினேன், சமாளித்துவிடலாம் என்று இரண்டு நாள் விட்டுவிட்டேன். மூன்றாம் நாள் ராத்திரி பேட்டரி தீர்ந்து அணைந்தது. சார்ஜ் போட்டு ஆன் செய்தால் பின் நம்பர் கேட்கிறது. எண் பலகையில் வலது வரிசை 3, 6, 9. என் நம்பரில் இரண்டு 6. அவ்வளவுதான், வெளியே நின்றேன்.

ரீஸ்டார்ட் ஆகாவிட்டாலும் காலம் உங்கள் பக்கம் இல்லை. ஆண்ட்ராய்டு போன்கள் 72 மணி நேரத்துக்கு ஒரு தடவையாவது கைரேகையை ஒதுக்கிவிட்டு பின் நம்பரைக் கேட்கும். ஐஓஎஸ் 18.1-க்குப் பிறகு, மூன்று நாள் திறக்காமல் கிடக்கும் ஐபோன் தானாகவே ரீஸ்டார்ட் ஆகிக்கொள்ளும். ஆகவே உடனே சார்ஜில் போடுங்கள், அப்புறம் யோசியுங்கள். ஒரே விதிவிலக்கு, விழுந்ததில் பேட்டரி உப்பியிருந்தாலோ போன் கையில் பிடிக்க முடியாத அளவு சூடானாலோ சார்ஜ் போடவே கூடாது, அது நேராகப் பழுதுபார்ப்பவரிடம் போக வேண்டிய போன்.

கண்ணாடி சிதறியிருந்தால் மேலே அகலமான செல்லோடேப்பை ஒட்டிவிடுங்கள், விரலில் துகள் ஏறினால் எடுப்பது பெரும்பாடு.

எதை வைத்து ஒப்பிடுவது

முதலில், எது உடைந்தது? திரை என்று நாம் ஒற்றைச் சொல்லில் சொன்னாலும் அதில் மூன்று அடுக்கு இருக்கிறது. மேலே வெறும் கண்ணாடி, அடுத்து விரலை உணரும் அடுக்கு, அதற்குக் கீழே படம் காட்டும் எல்சிடி அல்லது ஓலெட் பலகை. இதனால் உங்கள் நிலை மூன்றில் ஒன்றாக இருக்கும்: படம் தெரிகிறது ஆனால் தொடுதல் இல்லை, திரை கறுப்பு ஆனால் தொடுதல் இருக்கிறது, இரண்டும் போச்சு. கறுப்பாக இருக்கும் திரையில் தொடுதல் வேலை செய்கிறதா என்று பார்க்க, வேறொரு போனிலிருந்து அழைத்துவிட்டு வழக்கமாக எடுக்கும் இடத்தில் இழுத்துப் பாருங்கள், ரிங் நின்று அழைப்பு எடுக்கப்பட்டால் தொடுதல் உயிரோடு இருக்கிறது.

இரண்டாவது, முன்பே எதை ஆன் செய்திருந்தீர்கள்? யூஎஸ்பி டீபக்கிங் (கேபிள் வழியாகக் கம்ப்யூட்டர் போனை இயக்க அனுமதிக்கும் செட்டிங்), கம்ப்யூட்டரோடு இணைப்பு, தூரத்திலிருந்து போனை இயக்கும் ரிமோட் ஆப், இவற்றில் ஏதாவது ஒன்று.

மூன்றாவது, உங்களுக்கு வேண்டியது என்ன? போட்டோவும் சாட்டும் மட்டும் வெளியே வந்தால் போதுமா, ஒரே ஒரு ஓடிபி பார்க்க வேண்டுமா, இல்லை புது போன் வரும்வரை இந்தப் போனையே ஓட்ட வேண்டுமா? ஒவ்வொன்றுக்கும் பதில் வேறு.

நான்காவது, கண்ணுக்குத் தெரியாத செலவு. கேபிளுக்குக் கொடுக்கும் காசைவிட, ஒரே போர்ட்டில் மவுஸையும் சார்ஜரையும் எப்படிச் செருகுவது, அந்நியர் கையில் பின் நம்பரைக் கொடுக்க வேண்டியிருக்குமா, இந்த மாதிரி விஷயங்கள்தான் பின்னால் கடிக்கும்.

பின் நம்பர் அல்லது பேட்டர்ன் உங்களுக்குத் தெரியும் என்பதை வைத்துத்தான் கீழே எல்லாமே எழுதியிருக்கிறேன். அது தெரியாவிட்டால் இதில் எந்த வழியும் உதவாது, உதவவும் கூடாது.

வழி 1: ஓடிஜி வழியாக மவுஸ்

படம் தெரிந்து தொடுதல் மட்டும் போயிருந்தால் இதற்கு மேல் யோசிக்கவே வேண்டாம். வீட்டில் கிடக்கும் சாதாரண யூஎஸ்பி மவுஸ், அதைப் போனின் போர்ட்டில் மாட்ட ஒரு சின்ன ஓடிஜி அடாப்டர், அவ்வளவுதான் தேவை. செருகியதும் திரையில் அம்புக்குறி வந்து நிற்கும். ஆண்ட்ராய்டில் இந்த ஆதரவு 2011-ல் 3.1 பதிப்பிலேயே வந்துவிட்டது, எந்த ஆப்பும் எந்த அனுமதியும் வேண்டாம், பூட்டிய திரையிலும் வேலை செய்யும். இடது பட்டனை அழுத்திப் பிடித்து இழுத்தால் அது விரல் இழுப்பது மாதிரி, பேட்டர்ன் கூட வரையலாம். வலது பட்டன் பெரும்பாலும் பின்னால் போகும், சக்கரத்தை உருட்டினால் பக்கம் நகரும். என் போனில் அந்த இரண்டு 6-ஐயும் இப்படித்தான் போட்டேன், கிளிக் கிளிக் என்று, மூச்சைப் பிடித்துக்கொண்டு.

இதில் சிக்கும் இடங்கள் சில உண்டு. ஒப்போ, ரியல்மி, விவோ மாதிரி சில போன்களில் ஓடிஜி இணைப்பை செட்டிங்ஸில் போய் ஆன் செய்தால்தான் போர்ட் மவுஸை ஏற்கும், கொஞ்ச நேரம் சும்மா இருந்தால் தானே ஆஃப் ஆகிவிடும் வேறு. தொடுதல் முழுக்கப் போன போனில் அதை ஆன் செய்ய உங்களால் முடியாது. அப்படிப்பட்ட போனில் மவுஸ் வராவிட்டால் அடாப்டர் கெட்டது என்று நினைத்து இன்னொன்று வாங்க வேண்டாம், நேராகக் கீழே வழி 3-ல் சொல்லியிருக்கும் கம்ப்யூட்டர் தந்திரத்துக்குப் போங்கள்.

அடுத்தது மின்சாரம். மவுஸ் போனிடமிருந்துதான் மின்சாரம் எடுக்கும், போர்ட் அடைபட்டிருப்பதால் சார்ஜும் போட முடியாது, பேட்டரி 15 சதவீதத்தில் இருக்கும்போது வேலையை ஆரம்பித்தால் பாதியில் அணைந்துவிடும். இதற்கு நான் செய்தது, முதல் ஐந்து நிமிடத்திலேயே யூஎஸ்பி மவுஸை வைத்து புளூடூத் செட்டிங்ஸுக்குப் போய் ஒரு புளூடூத் மவுஸை இணைத்துவிட்டேன். அதன்பின் போர்ட் சார்ஜருக்கு, மவுஸ் காற்றில். ஒரு வாரம் அந்தப் போனை மேஜையில் வைத்து அப்படியே ஓட்டினேன்.

இன்னொன்று, பேய்த்தொடுதல். உடைந்த உணர்வு அடுக்கு யாரும் தொடாமலே தொட்டதாகச் சொல்லிக்கொண்டிருக்கும், ஆப்கள் தானே திறக்கும், பூட்டுத் திரையில் தப்பு நம்பராகத் தட்டிக்கொண்டே போய் போன் முப்பது விநாடி, அப்புறம் இன்னும் அதிக நேரம் என்று காத்திருக்கச் சொல்லும். இப்படி நடந்தால் பவர் பட்டனை அழுத்தித் திரையை அணைத்து வையுங்கள், பெரும்பாலும் திரை அணைந்திருக்கும்போது அது தட்டாது. மவுஸும் கீபோர்டும் தயாராக இருக்கும்போது மட்டும் திரையை எழுப்பி, கீபோர்டில் நம்பரைச் சட்டென்று அடித்து என்டர் போடுவதே இதில் ஜெயிக்கும் வழி.

திரை கறுப்பாக இருந்தால் மவுஸால் பயனில்லை, அம்புக்குறி எங்கே என்று தெரியாது. கீபோர்டு கொஞ்சம் உதவும், அதை வழி 5-ல் சொல்கிறேன்.

வழி 2: டிவி அல்லது மானிட்டரில் காட்டுவது

திரை கறுப்பு, தொடுதலும் இல்லை என்றால் எனக்குத் தெரிந்து மிகச் சுத்தமான வழி இதுதான், ஆனால் எல்லாப் போனிலும் நடக்காது. யூஎஸ்பி சி ஹப் ஒன்று வேண்டும், அதில் எச்டிஎம்ஐ, யூஎஸ்பி துளைகள், சார்ஜர் செருகும் துளை மூன்றும் இருக்க வேண்டும். மானிட்டர், கீபோர்டு, மவுஸ், சார்ஜர் எல்லாவற்றையும் ஹப்பில் செருகி ஹப்பைப் போனில் செருகினால் போன் ஒரு சின்ன கம்ப்யூட்டர் ஆகிவிடும்.

நிபந்தனை என்னவென்றால் அந்தப் போனின் போர்ட்டில் டிஸ்ப்ளேபோர்ட் ஆல்ட் மோட், அதாவது யூஎஸ்பி சி போர்ட் வழியாகப் படத்தை வெளியே அனுப்பும் வசதி, இருக்க வேண்டும். சி வடிவப் போர்ட் இருப்பதாலேயே படம் வெளியே வரும் என்று அர்த்தமில்லை. பல நடுத்தர, மலிவு விலைப் போன்களில் வடிவம்தான் சி, உள்ளே ஓடுவது பழைய யூஎஸ்பி 2.0, அதில் படம் வராது. சாம்சங்கில் கேலக்ஸி எஸ்8 வந்த 2017-லிருந்து எஸ் வரிசையில், போனை மானிட்டரில் கம்ப்யூட்டர் மாதிரி காட்டும் டெக்ஸ் வசதியோடு இது இருக்கிறது. பிக்சலில் 8-வது தலைமுறையிலிருந்து, அதுவும் 2024-ல் வந்த ஒரு அப்டேட்டுக்குப் பிறகு. ஐபோனில் 15-லிருந்து. ஹப்புக்குக் காசு கொடுப்பதற்கு முன் உங்கள் மாடலின் விவரப் பட்டியலில் இதைத் தேடிப் பாருங்கள், இந்த ஒரு வரியைப் பார்க்காமல் வாங்கியவர்கள்தான் டிவியில் சிக்னல் இல்லை என்ற பலகையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். வயர் இல்லாமல் டிவிக்கு அனுப்பும் வசதிகளும் உண்டுதான், ஆனால் அதைத் தொடங்குவதற்கே போனில் நாலைந்து இடம் தட்ட வேண்டும்.

இது நடக்கும் போன் கையில் இருந்தால் வேறு எதையும் யோசிக்காதீர்கள். பெரும்பாலும் முன்பே எதையும் ஆன் செய்து வைத்திருக்கத் தேவையில்லை, டேட்டா வேறு யார் சர்வருக்கும் போகாது, சார்ஜும் ஏறும். ஹப்பும் வீணாகாது, அடுத்த போனுக்கும் லேப்டாப்புக்கும் ஆகும்.

வழி 3: கம்ப்யூட்டரிலிருந்து கேபிள் வழியாக

இதில் ராஜா ஸ்கிரீன்காப்பி. எஸ், சி, ஆர், சி, பி, ஒய் என்ற ஆறு எழுத்தில் எழுதுவார்கள், வாசிப்பது ஸ்கிரீன்காப்பி என்று. ஜெனிமொபைல் வெளியிட்டது, இலவசம், மூலநிரல் திறந்தது, விளம்பரம் இல்லை, கணக்குத் தொடங்க வேண்டியதில்லை, போனில் எந்த ஆப்பும் நிறுவ வேண்டியதில்லை. கேபிளைச் செருகி ஓட்டினால் போன் திரை அப்படியே கம்ப்யூட்டர் ஜன்னலில் வரும், மவுஸாலும் கீபோர்டாலும் இயக்கலாம்.

ஆனால் யூஎஸ்பி டீபக்கிங் முன்பே ஆன் ஆகியிருக்க வேண்டும், அந்தக் கம்ப்யூட்டருக்குப் போனில் ஒரு தடவை அனுமதியும் கொடுத்திருக்க வேண்டும். பில்ட் நம்பரை ஏழு தடவை தட்டி டெவலப்பர் ஆப்ஷன்ஸைத் திறந்து அங்கே ஆன் செய்வது அது. செய்தது ஞாபகமே இல்லையென்றால் செய்யவில்லை என்றுதான் அர்த்தம். செய்திருந்தவர்களுக்கும் ஒரு பொறி உண்டு: ஆண்ட்ராய்டு 11-லிருந்து, ஏழு நாள் பயன்படுத்தாத கம்ப்யூட்டரின் அனுமதி தானாக ரத்தாகிவிடும், மறுபடி திரையில் கேள்வி கேட்கும். ஷாவ்மி போன்களில் படம் தெரிந்தாலும் கிளிக் எடுக்காது, அதற்கென்று பாதுகாப்பு செட்டிங்ஸ் என்று தனியாக இன்னொரு டீபக்கிங் சுவிட்ச் இருக்கிறது.

பின் நம்பர் கேட்கும் பக்கமும் பேங்க் ஆப்களும் ஜன்னலில் கறுப்பாகத் தெரிந்தால் பதற வேண்டாம், அந்த மாதிரி பக்கங்களைப் பிரதி எடுக்கவிடாமல் போனே தடுக்கிறது. நம்பரைக் கீபோர்டில் அடித்து என்டர் போட்டால் திறக்கும்.

இப்போது அந்தத் தந்திரம். ஸ்கிரீன்காப்பியில் ஓடிஜி முறை என்று ஒன்று உண்டு, பலருக்கு இது தெரியாது. அதில் கம்ப்யூட்டர் தன்னை ஒரு மவுஸாகவும் கீபோர்டாகவும் போனிடம் அறிமுகப்படுத்திக்கொள்ளும். யூஎஸ்பி டீபக்கிங் தேவையில்லை, ஓடிஜி அடாப்டர் தேவையில்லை, போனின் ஓடிஜி சுவிட்ச்சும் தேவையில்லை, சாதாரண சார்ஜிங் கேபிள் போதும், போன் சார்ஜும் ஏறிக்கொண்டிருக்கும். ஜன்னலில் படம் மட்டும் வராது, படத்தைப் போனிலேயே பார்த்துக்கொள்ள வேண்டும். தொடுதல் மட்டும் போனவர்களுக்கு இது மவுஸ் வாங்குவதைவிடவும் நல்லது.

அப்படி மவுஸாலோ ஓடிஜி முறையாலோ உள்ளே போய்விட்டால் முதல் வேலையாக யூஎஸ்பி டீபக்கிங்கை ஆன் செய்து கம்ப்யூட்டருக்கு அனுமதி கொடுத்துவிடுங்கள். விரிசல் விட்ட திரை நாளைக்கு முழுக்கக் கறுப்பாகலாம், ஓலெட் பலகையில் ஓரத்தில் மைக்கறை மாதிரி ஒரு புள்ளி தெரிந்தால் அது பரவிக்கொண்டேதான் இருக்கும். அன்றைக்கு இந்த அனுமதிதான் காப்பாற்றும்.

டீபக்கிங் இல்லாமலே உடைந்த போனிலிருந்து எல்லாவற்றையும் எடுத்துத் தருகிறோம் என்று விற்கும் சாஃப்ட்வேர்களைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். பணம் கட்டிய பிறகு மூன்றாவது திரையில் அது கேட்பது யூஎஸ்பி டீபக்கிங்கைத்தான், அல்லது ஆதரவுப் பட்டியலில் பத்து வருடத்துக்கு முந்தைய மாடல்கள் மட்டும் இருக்கும். இன்றைய போன்களின் குறியாக்கத்தை அப்படி ஒரு பட்டனில் தாண்ட முடிந்தால் அது எல்லோருக்கும் ஆபத்து. தயவுசெய்து இதில் காசு போடாதீர்கள்.

வழி 4: ரிமோட் ஆப்கள்

எனிடெஸ்க், டீம்வியூவர், ஏர்டிராய்ட், விண்டோஸின் போன் லிங்க். உடைவதற்கு முன்பே ஆள் இல்லாமல் இணையும் வகையில் அமைத்திருந்தால் மட்டும் பயன். கூகுள் பிளேயை கம்ப்யூட்டர் பிரவுசரில் திறந்து போனுக்கு ஆப்பை நிறுவலாம் என்பது உண்மைதான், ஆனால் நிறுவிய ஆப் திரையைப் பகிர அனுமதி கேட்கும், இயக்குவதற்கு அணுகல்தன்மை அனுமதி கேட்கும், இரண்டுக்கும் போனில்தான் தட்ட வேண்டும். அங்கேயே கதை முடிந்தது.

இதன் உண்மையான இடம் வேறு: போன் ஒரு ஊரில், நீங்கள் இன்னொரு ஊரில். அப்பாவின் போனில் மவுஸ் செருகி அவரை ஒரு தடவை அனுமதி கொடுக்க வைத்துவிட்டால் மீதியை நீங்கள் இங்கிருந்தே முடித்துத் தரலாம். வேலை முடிந்ததும் ஆப்பை நீக்கிவிடுங்கள், எப்போதும் திறந்திருக்கும் ரிமோட் ஆப் பூட்டாத வாசல் மாதிரி. யாரோ போனில் கூப்பிட்டு இதை நிறுவச் சொன்னால் அது மோசடி என்று வீட்டில் எல்லோருக்கும் சொல்லியும் வையுங்கள்.

போன் லிங்க்கும், கூகுள் மெசேஜஸை கம்ப்யூட்டரில் பார்க்கும் இணைப்பும் முன்பே இருந்தால் ஒரு சின்ன லாபம்: திரையைத் தொடாமலே எஸ்எம்எஸ் படிக்கலாம், ஓடிபி மட்டும் வேண்டியவர்களுக்கு அது போதும்.

வழி 5: குரலும் காதும்

திரை கறுப்பு, தொடுதல் நன்றாக இருக்கிறது, மானிட்டரும் எடுக்காத போன். இந்த நிலைக்கு, திரையில் இருப்பதைப் படித்துச் சொல்லும் ஆண்ட்ராய்டு வசதியான டாக்பேக். பார்வையற்றவர்கள் தினமும் இதை வைத்துத்தான் போனை முழுமையாகப் பயன்படுத்துகிறார்கள், ஆகவே இது ஒப்புக்கு இருக்கும் வசதி இல்லை. பல போன்களில் இரண்டு வால்யூம் பட்டன்களையும் மூன்று விநாடி சேர்த்து அழுத்தினால் தொடங்கும், கூகுள் அசிஸ்டென்டிடம் சொல்லியும் தொடங்கலாம். விரலை வலப்பக்கம் இழுத்தால் அடுத்த பொருளைப் படிக்கும், இரண்டு தடவை தட்டினால் அதைத் திறக்கும். பழக அரை மணி நேரம் ஆகும், முதல் பத்து நிமிடம் எரிச்சலாகத்தான் இருக்கும்.

கீபோர்டு சேர்ந்தால் இன்னும் சுலபம்: பவர் பட்டன், ஸ்பேஸ், நம்பர், என்டர். திறந்ததா என்பதை டாக்பேக் சொல்லும். அதன்பின் கேபிளில் கம்ப்யூட்டரோடு இணைத்தால் முதலில் வெறும் சார்ஜிங்தான் நடக்கும், நோட்டிஃபிகேஷனில் ஃபைல் டிரான்ஸ்ஃபர் என்பதைக் காதால் தேடித் தேர்ந்தெடுத்தால் போட்டோக்கள் கம்ப்யூட்டரில் தெரியும்.

படம் தெரிகிறது, தொடுதல் இல்லை, மவுஸும் கிடைக்கவில்லை என்றால் கூகுளின் வாய்ஸ் ஆக்சஸ் இருக்கிறது, திரையில் உள்ள ஒவ்வொன்றுக்கும் எண் போட்டுக் காட்டும், எண்ணைச் சொன்னால் தட்டும். முன்பே நிறுவி அமைத்திருந்தால் நல்லது.

வழி 6: டிஸ்ப்ளே மாற்றுவது

புது டிஸ்ப்ளே போட்டால் டேட்டா அழியாது. இது பலருக்கு இருக்கும் பயம், தேவையில்லாதது. ஆனால் சில சர்வீஸ் மையங்கள் வழக்கமாகவே போனை ரீசெட் செய்துவிடும், அதனால் டேட்டா வேண்டும், ரீசெட் கூடாது என்று ரசீதிலேயே எழுதி வாங்குங்கள்.

போனை இன்னும் ஒரு வருடம் ஓட்டுவதாக இருந்தால் சந்தேகமே வேண்டாம், இதைத்தான் செய்ய வேண்டும். டேட்டா மட்டும் போதும் என்றால் பழுதுபார்ப்பவரிடம் இன்னொன்றைக் கேட்கலாம்: அவரிடம் உங்கள் மாடலுக்கான சோதனை டிஸ்ப்ளே இருந்தால் போனைத் திறந்து உள்ளே இருக்கும் மதர்போர்டில் அதை மாட்டி, நீங்கள் அருகில் உட்கார்ந்து பின் நம்பர் போட்டு, எடுக்க வேண்டியதை எடுத்துக்கொண்டு, அதைக் கழற்றிவிடலாம். முழு டிஸ்ப்ளேவின் விலை கொடுக்க வேண்டியிருக்காது. நிறைய பேர் இதைக் கேட்பதே இல்லை.

மறைந்திருக்கும் செலவுகள்: தண்ணீர் புகாத போன் என்றால் ஒரு தடவை திறந்தபின் அந்த உறுதி பழையபடி இருக்காது. திரைக்குள் கைரேகை உணரி உள்ள போன்களில் வேறு தரத்து டிஸ்ப்ளே போட்டால் கைரேகை சரியாக எடுக்காமல் போகலாம். எல்லாவற்றையும்விட முக்கியம், சோதித்துப் பார்க்கப் பின் நம்பர் கேட்பார்கள். சாம்சங்கில் மெயின்டனன்ஸ் மோட், பிக்சலில் ரிப்பேர் மோட் என்று இதற்காகவே இருக்கிறது, ஆன் செய்தால் உங்கள் போட்டோ, சாட் எதுவும் தெரியாமல் போனை மட்டும் சோதிக்கலாம். மவுஸால் உள்ளே போக முடிந்தால், கொடுப்பதற்கு முன் இதை ஆன் செய்துவிடுங்கள்.

ஒரே பார்வையில்

| வழி | எந்த உடைவுக்கு | முன்பே வேண்டியது | கவனிக்காமல் விடும் செலவு |
|---|---|---|---|
| ஓடிஜி மவுஸ் | படம் உண்டு, தொடுதல் இல்லை | ஒன்றும் இல்லை, சில போனில் ஓடிஜி சுவிட்ச் | சார்ஜ் போட முடியாது |
| மானிட்டரும் ஹப்பும் | எல்லாவற்றுக்கும் | படம் வெளியே தரும் போர்ட் | போர்ட் பொருந்தாவிட்டால் ஹப் காசு |
| ஸ்கிரீன்காப்பி | எல்லாவற்றுக்கும் | யூஎஸ்பி டீபக்கிங், அனுமதி | ஏழு நாளில் அனுமதி ரத்து |
| ஸ்கிரீன்காப்பி ஓடிஜி முறை | படம் உண்டு, தொடுதல் இல்லை | ஒன்றும் இல்லை | நிறுவிப் பழகும் நேரம் |
| ரிமோட் ஆப் | போன் தூரத்தில் இருந்தால் | ஆப்பும் எல்லா அனுமதியும் | திறந்தே கிடக்கும் வாசல் |
| டாக்பேக் | கறுப்புத் திரை, தொடுதல் உண்டு | பட்டன் குறுக்குவழி அல்லது அசிஸ்டென்ட் | பழகும் பொறுமை |
| புது டிஸ்ப்ளே | எல்லாவற்றுக்கும் | ஒன்றும் இல்லை | பின் நம்பர் அந்நியரிடம் |

ஐபோன் என்றால்

வழிகள் குறைவு. பூட்டி ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகிவிட்டால் புதிதாகச் செருகும் யூஎஸ்பி பொருளை ஐபோன் ஏற்காது, திறக்கச் சொல்லும், 2018-லிருந்து இப்படித்தான். மவுஸுக்கு அசிஸ்டிவ் டச் என்ற அணுகல்தன்மை செட்டிங் முன்பே ஆன் ஆகியிருக்க வேண்டும். சிரியிடம் வாய்ஸ்ஓவரை ஆன் செய்யச் சொல்லலாம், கறுப்புத் திரைக்கு அது டாக்பேக் மாதிரி உதவும். மேக் வைத்திருப்பவர்கள் ஐஓஎஸ் 18-ல் வந்த ஐபோன் மிரரிங்கை முன்பே அமைத்திருந்தால் அதிர்ஷ்டசாலிகள், பூட்டிய போனையே மேக்கிலிருந்து இயக்கலாம்.

மற்றவர்களுக்கு என் யோசனை: ஐகிளவுட் பேக்கப் ஆன் ஆகியிருந்தால் போனை வீட்டு வைஃபை எட்டும் இடத்தில், பூட்டிய நிலையில், ராத்திரி முழுக்கச் சார்ஜில் போட்டு வையுங்கள். யாரும் தொடாமலே புது பேக்கப் எடுத்துக்கொள்ளும். ஆண்ட்ராய்டிலும் கூகுள் பேக்கப், கூகுள் போட்டோஸ், தானாக எடுக்க அமைத்த வாட்ஸ்அப் பேக்கப் எல்லாம் இப்படிச் சும்மா கிடக்கும்போதுதான் ஓடும். சில பேருக்கு இந்த ஒரு ராத்திரியே போதும், மவுஸே வேண்டாம். காலையில் கம்ப்யூட்டரில் கூகுள் போட்டோஸைத் திறந்து கடைசி போட்டோவின் தேதியைப் பார்த்தால் தெரிந்துவிடும்.

உள்ளே போனபின் எதை முதலில் எடுப்பது

திரை எப்போது வேண்டுமானாலும் முழுக்கப் போகலாம் என்பதால் வரிசை முக்கியம். முதலில் வாட்ஸ்அப் பேக்கப்பை ஓடவிடுங்கள். புது போனில் அதே நம்பரை அவசரப்பட்டுப் பதிவு செய்தால் பழைய போன் வெளியேற்றப்படும், அங்கிருந்து பேக்கப் எடுக்க முடியாமல் பழைய சாட்டெல்லாம் உள்ளேயே மாட்டிக்கொள்ளும். இதில் மட்டும் தவறவே கூடாது. கம்ப்யூட்டரில் வாட்ஸ்அப் இணைத்திருந்தால் அதை நம்பி மெதுவாக இருக்காதீர்கள், போனில் 14 நாள் திறக்காவிட்டால் அதுவும் துண்டிக்கப்படும்.

அடுத்து, அங்கீகாரக் குறியீடு தரும் ஆப்கள். கூகுள் ஆதென்டிகேட்டர் 2023-லிருந்து கணக்கோடு ஒத்திசையும், உங்களுடையதில் அது ஆன் ஆகியிருக்கிறதா என்று பாருங்கள், இல்லையென்றால் ஆன் செய்யுங்கள். சிம் கார்டு என்றால் கழற்றி வேறு போனில் போட்டால் ஓடிபி பிரச்சினை தீர்ந்தது, ஆனால் இசிம் என்றால் அது உடைந்த போனுக்குள்ளேதான் இருக்கிறது, அதை மாற்ற உங்கள் நெட்வொர்க் நிறுவனத்திடம் பேச வேண்டியிருக்கும், அதை நாளைக்கு என்று தள்ளிப்போடாதீர்கள். அப்புறம்தான் போட்டோ, வீடியோ, டவுன்லோட் ஃபோல்டர். மெமரி கார்டில் இருப்பதை அவசரமாக எடுக்க வேண்டியதில்லை, போனுக்கென்றே குறியாக்கி வைக்காத கார்டு என்றால் கழற்றி எங்கே போட்டாலும் தெரியும்.

எல்லாம் எடுத்து முடித்து, போனைப் பழையதாகக் கொடுப்பதென்றால் மவுஸோ மானிட்டரோ மாட்டியிருக்கும்போதே ஃபேக்டரி ரீசெட் செய்துவிடுங்கள். அதற்குள் திரை முழுக்கப் போய்விட்டிருந்தால், போனை வைஃபையில் விட்டுவிட்டு, உங்கள் கூகுள் கணக்கின் ஃபைண்ட் ஹப்பிலிருந்தோ ஆப்பிளின் ஃபைண்ட் மையிலிருந்தோ அழிக்கக் கட்டளை கொடுங்கள். அந்தக் கட்டளை போய்ச் சேர போன் ஆனாகி இணையத்தில் இருக்க வேண்டும், ஆகவே சார்ஜரைக் கடைசியில் பிடுங்குங்கள்.